அண்ணி மாட்டிய சிங்க் கப்ளிங்

சிங்க் ஒழுக ஆரம்பித்தது செவ்வாய்க்கிழமை. என் அண்ணி அமிர்தவல்லி அதை ஒத்துக்கொண்டது வியாழக்கிழமை. நடுவில் இரண்டு நாளும் அடியில் ஒரு குண்டானை வைத்துவிட்டு, "எங்க ஒழுகுது? கசியுது, அவ்ளோதான்" என்று சாதித்தாள். முதலியார்பேட்டையில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவள் குண்டான் நிரம்பி வழிந்தால் என் சமையல்கட்டுச் சுவர் ஊறும்.

நான் அன்னக்கிளி, அவள் புருஷனுக்குத் தங்கை. அண்ணன் போய் ஆறு வருஷமாகிறது. உயிரோடு இருந்தபோதும் அவன் ஒரு பல்பு மாற்றியவனில்லை. அதனால் இந்த விஷயத்தில் அவனை நினைத்து அழ ஒன்றுமில்லை.

அண்ணி ஒழுகலை மறைத்ததற்குக் காரணம் அவள் மகன் சிலம்பரசன். சென்னையில் ஃபிளாட் வாங்கியதிலிருந்து வாராவாரம் போனில் ஒரே பாட்டு: வீட்டை விற்றுவிட்டு என்னோடு வந்துவிடு. இங்கே ஃபேன் சுற்றாவிட்டாலும் அதே வைத்தியம், கரப்பான் வந்தாலும் அதே வைத்தியம். "ஞாயித்துக்கெழம வரேம்மா, முடிவா பேசிடலாம்" என்று சொல்லிவிட்டான். ஒழுகுகிற சிங்கைப் பார்த்தால் கதை முடிந்தது. அண்ணியைக் கட்டித் தூக்கிக்கொண்டு போய்விடுவான். அவள் போவதில் எனக்குத் துளியும் இஷ்டமில்லை. அவளிடம் சொல்வேனா? என் ஜென்மத்தில் சொல்லமாட்டேன்.

ப்ளம்பர் செல்வகுமாருக்குப் போன் போட்டோம். "இதோ வந்துட்டேங்கா, மரப்பாலத்துல இருக்கேன்" என்றான். வெள்ளிக்கிழமையும் மரப்பாலத்தில் இருந்தான். சனிக்கிழமை காலையிலும் அங்கேயேதான் இருந்தான். மரப்பாலத்திலிருந்து எங்கள் தெருவுக்கு நடந்தால் பத்து நிமிஷம்.

"இந்தத் தொர முசே வர்றதுக்குள்ள எனக்குத் தெவசமே வந்துடும்" என்று அண்ணி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சிங்குக்கு அடியில் புகுந்தாள். துருப்பிடித்த நட்டுக்கு எண்ணெய் விட்டு, துணி சுற்றித் திருகி, சிங்க் ஓட்டையில் மாட்டியிருந்த பழைய கப்ளிங்கைக் கழற்றி எடுத்தாள். அதன் வாயில் இருக்கும் சல்லடைத் தட்டு, அந்த ஜாலி, பாதி செத்துப்போயிருந்தது. அதைப் பேப்பரில் சுருட்டிக்கொண்டு கடைக்குப் போனோம்.

"ப்ளம்பர அனுப்புங்கம்மா" என்றான் கடைக்காரன்.

"அவன் மரப்பாலத்துல மாட்டிக்கினான். நீ சாமானக் குடு."

புது ஜாலி வைத்த கப்ளிங், ரப்பர் வாஷர், நட்டு, மரையில் சுற்ற ஒரு வெள்ளை டேப். டேப்பைச் சுற்றிவிட்டு நட்டைப் போட்டால் ஒரு சொட்டு வராது என்றான் கடைக்காரன். எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்று அவன் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

இங்கே அண்ணியின் கையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பத்தொன்பது வயதில் மில்லில் சேர்ந்தவள். இருபத்தாறு வருஷம் வைண்டிங்கில் நூல் சுற்றினாள். அறுந்த நூலைக் கண்ணை மூடிக்கொண்டு முடிபோடுவாள். மில்லை மூடிய பிறகு பக்கத்திலேயே மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் நின்றுகொண்டே பேக்கிங் வேலை பார்த்து முட்டியைக் கெடுத்துக்கொண்டாள். ஆனாலும் அந்தக் கை மட்டும் இன்னும் மில்லில்தான் இருக்கிறது. அந்த டேப்பை அவள் சுற்றியதைப் பார்க்க வேண்டுமே, ஒரு மடிப்பு இல்லை.

"பாத்தியாடி, நூல் கோன் மாதிரி இருக்கு" என்றாள் பெருமையாக.

நான் மேலே ஜாலியை அழுத்திப் பிடிக்க, அவள் கீழே நட்டை முடுக்கினாள். தண்ணீர் விட்டோம். முன்பாவது கசிந்தது, இப்போது ஊற்றியது. கழற்றி மறுபடி சுற்றினாள். முன்னைவிட அழகாக இருந்தது, முன்னைவிட அதிகமாக ஒழுகியது. மூன்றாவது தடவை ஜாலிமேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்துவிட்டு, போன் லைட்டோடு நானும் அடியில் குனிந்து பார்த்தேன். நட்டு ஏற ஏற டேப் சுருண்டு வெளியே வந்தது.

"அண்ணி, நீ ஒரு பக்கம் சுத்துற, நட்டு இன்னொரு பக்கம் ஏறுது. அதான் உரிஞ்சிகினு வருது."

"இருவத்தாறு வருசம் இப்புடித்தான் சுத்துனேன்."

"அது மில்லு. அதத்தான் மூடிட்டானே."

சொல்லியிருக்கக் கூடாது. அவள் முகம் சுண்டிவிட்டது. டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஈரத் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். மன்னிப்பு கேட்கும் பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை, அதனால் காபி போட்டுக் கொடுத்தேன். குடித்தாள். பிறகு டேப்பை இடது கைக்கு மாற்றி, எதிர்ப்பக்கமாகச் சுற்றினாள். பழகாத கை. கோணலும் மாணலுமாக, பார்க்கச் சகிக்கவில்லை. நட்டை முடுக்கி, அடியில் பேப்பரை விரித்து, சிங்க் நிறையத் தண்ணீர் பிடித்து விட்டோம். பேப்பர் காய்ந்தே கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை சிலம்பரசன் வந்தான். அண்ணி வஞ்சிர மீன் குழம்பைக்கூட மறந்துவிட்டு, முதல் வேலையாக அவனைச் சிங்குக்கு இழுத்துப் போனாள். குனிந்து அடியில் தடவிப் பார்த்தான்.

"யாரும்மா மாட்டுனது?"

"நான்தான்."

"சூப்பர்மா" என்று சிரித்தான். கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். "ஆனா பிரச்சன சிங்க் இல்லம்மா. நாளைக்கு நீ பாத்ரூம்ல வழுக்கி வுழுந்தா, உனக்கு யாரு இருக்கா இங்க?"

அண்ணி அவன் தட்டில் சோற்றைப் போட்டாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஏன்டா, நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"அத்த, நீங்க ரெண்டு பேரும் ஒரு நாளாவது சண்ட போடாம இருந்திருக்கீங்களா?"

"சண்ட போடத்தான்டா ஆளு வேணும். உன் பதினோராவது மாடியில அவ யார்கிட்ட போடுவா, லிஃப்டுகிட்டயா?" அதோடு நிறுத்தியிருக்கலாம். குரல் என்னை மீறிப் போய்விட்டது. "இவ போயிட்டா நான் யார்கிட்டடா போடுவேன்?"

எனக்கு வெட்கமாக இருந்தது. எழுந்து போய்விடலாம் என்று பார்த்தால் அண்ணி என் முந்தானையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"சரி, இங்கயே இருங்க ரெண்டு பேரும்" என்றான் சிலம்பரசன், தட்டைப் பார்த்துக்கொண்டே.

அண்ணி குழம்பைக் கிளறி நடுத்துண்டை எடுத்து எனக்கு வைத்தாள். பெற்ற மகனுக்கு வால்தான்.