தூரமா என்று கேட்ட அக்கா

போன வருடம் ஆடி மாதம், விழுப்புரத்தில் திண்டிவனம் பஸ் ஏறும்போதே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. திண்டிவனத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை வேலைக்காக மாதிரி வகுப்பு எடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். வகுப்பு முழுக்க நின்றபடி பாடம் நடத்திக் காட்ட வேண்டும். அன்றைக்கென்று பார்த்து மாதவிலக்கின் முதல் நாள். வயிற்று வலியைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். இந்த இடுப்பு வலி இருக்கிறதே, அது என்னை ஆட்டிப் படைத்துவிடும்.

பஸ்ஸில் உட்கார இடமில்லை. கால் மாற்றி நின்றேன், கம்பியில் சாய்ந்தேன், இடுப்பைக் குத்திவிட்டுக்கொண்டேன். பாடத்தின் முதல் வரிகூட ஞாபகத்துக்கு வரவில்லை. கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஓர் அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, தூரமா?"

"இல்லக்கா, திண்டிவனம்தான்."

அவர் சிரித்த சிரிப்பில் தூங்கின குழந்தை விழித்துக்கொண்டது. பக்கத்தில் இருந்த பெண்களும் சிரித்தார்கள். மாதவிலக்கைத்தான் 'வீட்டுக்குத் தூரமா' என்று கேட்டிருக்கிறார் என்பது அப்புறம்தான் உறைத்தது. கண்டக்டர் வேறு, "திண்டிவனம் யாருப்பா, டிக்கெட் வாங்கியாச்சா?" என்று எட்டிப் பார்த்தார். எனக்கு மானமே போயிற்று.

விக்கிரவாண்டியில் பஸ் நின்றதும், அந்த அக்கா என் எவர்சில்வர் பாட்டிலை வாங்கிக் காலி செய்தார். குழந்தையின் பாலுக்காக பிளாஸ்க்கில் வைத்திருந்த வெந்நீரை அதில் ஊற்றி மூடி, குழந்தைத் துண்டைச் சுற்றினார்.

"பாப்பாவுக்கு வேணுமேக்கா?"

"நான் கூட்டேரிப்பட்டுல எறங்கிடுவேன். ஊட்டுல போயி காய்ச்சிக்கிறேன். நீ உக்காரு, இடுப்புல இத வெச்சிக்கினு சாஞ்சிக்கோ."

எழுந்து எனக்கு இடம் கொடுத்துவிட்டு, குழந்தையை என் மடியில் வைத்தார். இடுப்பில் சூடு இறங்க இறங்க, பிடித்து இழுத்த நரம்பெல்லாம் மெல்ல விட்டுக்கொடுத்தது. கூட்டேரிப்பட்டில் குழந்தையை வாங்கிக்கொண்டவர் துண்டை வாங்கவில்லை. "மாசா மாசம் இப்டின்னா டாக்டராண்ட காட்டு. சும்மா தைலம் தேச்சிக்கினு இருக்காத," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். பேர்கூடக் கேட்கவில்லை நான்.

வலி முழுசாகப் போகவில்லை. ஆனாலும் மேஜையில் ஒரு கையை ஊன்றியபடி பாடம் நடத்தி முடித்தேன். வேலை கிடைத்தது. டாக்டரையும் பார்த்தேன். வீட்டில் அதுவரை 'இடுப்பு பிடித்துக்கொண்டது' என்று மழுப்பிக்கொண்டிருந்தவள், இன்ன வலி என்று அம்மாவிடமும் சொல்லிவிட்டேன்.

இப்போதும் தினமும் அதே பஸ்தான். கம்பியைப் பிடித்தபடி கால் மாற்றி மாற்றி நிற்கும் பெண்ணைப் பார்த்தால் எழுந்து இடம் விட்டு, "தூரமா?" என்று கேட்கிறேன். அவள் ஊர்ப் பேரைச் சொன்னால் எனக்கு அந்த அக்காவின் சிரிப்புதான் வருகிறது.