ஹட் பேயிலிருந்து போர்ட் பிளேர்: கிழிக்காமல் கல்லை உடைத்துவந்த ஒரு வாரம்

எழுபதுகளின் கடைசியில் அந்தமானில், ஹட் பே எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் தினக்கூலிக்கு டிராக்டர் ஓட்டினேன். தீவில் என்னை அடிக்க ஆள் கிடையாது. நானே சொல்லக்கூடாதுதான், வேறு யார் சொல்வார்கள்? அடுத்த திங்கட்கிழமை வேலையை நிரந்தரமாக்க அதிகாரிகள் முன்னால் டிராக்டர் ஓட்டிக் காட்ட வேண்டும். அந்த நேரம் பார்த்து மூத்திரப்பையில் கல். சிறுநீர் பாதியில் நின்றுவிடும்.

அதற்கு முந்தின திங்கள் காலை ஆறு மணிக்குப் போர்ட் பிளேர் கப்பல், டெக் டிக்கெட் ஆறு ரூபாய், எட்டு மணி நேரம். அலை தென்னைமர உயரம். கப்பல் இடப்பக்கம் சாய்ந்தால் கல் நகர்ந்து வழிவிடும். அப்போதே கழிப்பறைக்கு ஓட வேண்டும்.

ஆஸ்பத்திரியில் பெங்காலி டாக்டர். வயிற்றைக் கிழித்தால் மூன்று வாரம் படுக்கை என்றார். என் வேலை விஷயத்தை அங்கே மரைன் ஹில் பகுதியில் குடியிருந்த தமிழ் நர்ஸ் இந்தியில் எடுத்துச் சொன்னாள். சரி, உள்ளேயே உடைக்கலாம் என்றார்.

புதன்கிழமை முதுகில் ஊசி. இடுப்புக்குக் கீழே மரத்துப்போனது. சிறுநீர் வரும் வழியாகவே இரும்புக் கருவி போனது, நுனியில் கிளிமூக்கு மாதிரி இரண்டு தாடை. கல்லைக் கவ்வி டாக்டர் திருகைத் திருப்ப, கற்கண்டு கடிக்கிற சத்தம். தூளைத் தண்ணீர்விட்டு அலசி எடுத்தார். கொட்டைப்பாக்கு அளவாம். அவருக்குக் கண்ணாடி மாற்றும் வயது, அது கோழிமுட்டை.

வியாழன் காலை நர்ஸ் ஓடிவந்தாள். "அண்ணே, சனிக்கிழமை கப்பல் நாளைக்கே போகுதாம்! அப்புறம் அடுத்த வாரந்தான்."

"அப்ப நானும் நாளைக்கே."

"ரத்தமா போகுதே! டீ நிறத்துக்காவது வந்தாத்தான் டாக்டர் விடுவார்."

"தண்ணி கொண்டா தங்கச்சி."

இரண்டு வாளி குடித்தேன். பக்கத்துக் கட்டில் பெங்காலி, "அரே பாய், சமுந்தர் பீ கயா க்யா?" என்றார். கடலையே குடித்துவிட்டேனா என்கிறார்! வெள்ளி காலை டாக்டர் பாட்டிலை ஜன்னலில் பிடித்துப் பார்த்தார். எலுமிச்சைச் சாறு நிறம். பத்து நாள் டிராக்டர் தொடக்கூடாது என்று சொல்லிக் கப்பலுக்கு அனுப்பினார். பலமாகத் தலையாட்டினேன்.

திங்களன்று மரக்கட்டைகளும் பள்ளமுமான ஒரு மைல் ஓட்டினேன். வேலை எனக்கே. மாலை சிறுநீர் மறுபடி சிவப்பு. நான்கு நாள் பார்லிக் கஞ்சி.

கல்லோடு கப்பலேறுகிறவர்களே, கழிப்பறைக்குப் பக்கத்தில் இடம் பிடியுங்கள். திரும்பும் கப்பலை அறிவிப்புப் பலகையில் தினமும் பாருங்கள். டாக்டர் சொல்லும் பத்து நாளை இருந்துவிடுங்கள்; என் உடம்பு வேறு. அன்று டிராக்டரிலிருந்து இறங்கியவன் வலியில் குனிந்தபடியே ஒரு நிமிடம் நின்றேன். அதிகாரிகள் அதை வணக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.