மேல்வயலில் என் அத்தை

எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் தேயிலை முடியும் இடத்தில் காடு தொடங்கும். காடு முடியும் இடத்தில் மேகம் தொடங்கும். அந்த மேகத்துக்குள் ஓர் ஊர் இருப்பதாகச் சொல்வார்கள். தோட்டத்தில் நாங்கள் அதை மேல்வயல் என்போம். சிங்களத்தில் உடகும்புற, பொருள் ஏறக்குறைய அதேதான். மிளகும் ஏலமும் வாங்க மாடு ஓட்டிப் போகும் முஸ்லிம் வியாபாரிகள் ஏலக்காட்டூர் என்பார்கள். மூன்றும் ஒரே ஊர் என்பது எனக்கு வெகு காலம் தெரியாது. மேகத்துக்குள் மூன்று ஊர்கள் இருக்கின்றன என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அங்கேதான் என் அத்தை இருந்தாள். அப்பாவின் அக்கா. நான் பிறப்பதற்கு முன்பே அந்த ஊர்ச் சிங்களவர் ஒருவரோடு போய்விட்டவள். ஏலம் சுமந்துகொண்டு எங்கள் தோட்டத்து வழியாக மாத்தளைச் சந்தைக்கு இறங்குவாராம் அவர். ஒரு நாள் இறங்கும்போது தனியாக இறங்கியவர், ஏறும்போது தனியாக ஏறவில்லை. லயத்தில் மற்றவர்கள் சொல்லிக் கேட்டதுதான் இதெல்லாம். அப்பா அவளைப் பற்றிப் பேசியதே இல்லை. மலையைப் பார்ப்பார், அவ்வளவுதான்.

எழுபதுகளின் நடுவில் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. வேலை குறைந்தது. மாவுக்கும் அரிசிக்கும் தட்டுப்பாடு வந்து, சனங்கள் கிழங்கு இலையை அவித்துத் தின்ற காலம் அது. இந்தியாவுக்குப் போக எழுதிக்கொடுத்தவர்கள் ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் மனைவியோடு முன்பே போய் நீலகிரிப் பக்கம் ஒரு தோட்டத்தில் சேர்ந்திருந்தான். அம்மா இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மிஞ்சியது அப்பாவும் நானும். எங்களுக்கும் கப்பலுக்கு நாள் சொல்லிவிட்டார்கள். அப்புறம் ஒரு காலையில், தண்ணீர்ப் பீலியில் முகம் கழுவிக்கொண்டிருந்த என்னிடம் வந்து அப்பா சொன்னார்:

"மேல போய்ட்டு வருவோமா? அக்காவ ஒருக்கா பாத்துட்டு வந்துரலாம்."

ரொட்டி சுட்டுத் துணியில் கட்டிக்கொண்டு கிளம்பினோம்.

பாதி மலையில் முஸ்லிம்கள் வாழும் சிறிய ஊர் ஒன்று உண்டு. பள்ளிவாசலும் கொஞ்சம் வீடுகளும் பாக்கு மரங்களும். அங்கே ஒரு மிளகு வியாபாரி அப்பாவுக்குப் பழக்கம். எங்களை உட்காரவைத்து, கித்துள் கருப்பட்டியும் வெறுந்தேநீரும் கொடுத்தார். எங்கே போகிறோம் என்று கேட்டவர், அக்காவைப் பார்க்க என்று அப்பா சொன்னதும் தாடியைத் தடவிக்கொண்டார்.

"அவங்க நல்லா இருக்காங்க. நான் மாசத்துக்கு ஒருக்கா பாக்குறேன்தானே. ஆனா அண்ணே, தமிழ்ல பேசுவாங்கன்னு நெனச்சிட்டுப் போகாதீங்க. எங்கிட்டயே பேச மாட்டாங்க."

"மறந்துட்டாளா?"

"அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "மகள், இந்த மலையில யாருமே முளைச்சு வந்தவங்க இல்ல. எங்க ஆளுங்க கரையில இருந்து வந்தாங்க. கண்டி ராசா இங்க குடிவச்சாருன்னு எங்க வாப்பா சொல்லுவாரு. மேல இருக்கிறவங்களும் கடலுக்கு அந்தக் கரையில இருந்துதான். ராசாவுக்குப் பொண்ணு கொண்டுவந்தப்ப வேல் தூக்கிட்டு வந்த ஆளுங்களாம். அவங்கள்ல வயசானவங்களக் கேளுங்க, அவங்களே சொல்லுவாங்க. முந்தி வந்தவங்க சிங்களமாயிட்டாங்க. நடுவுல வந்த நாங்க சோனகர். பிந்தி வந்த நீங்க தோட்டத்து ஆளுங்க."

அப்பா சிரித்தார். "பிந்தி வந்தவன்தான் முந்திப் போறேன்."

வியாபாரி வேலி வரை வந்து வழி காட்டிவிட்டு நின்றுகொண்டார்.

அதற்கு மேல் நடந்ததெல்லாம் இன்றைக்கும் எனக்குக் கனவு போலத்தான் நினைவிருக்கிறது. மேகத்துக்குள் நுழைந்ததும் சத்தங்கள் அடங்கிவிட்டன. எங்கோ ஓடை ஓடியது. எந்தப் பக்கம் என்று சொல்ல முடியவில்லை. ஏலச்செடிகள் என் தலைக்கு மேல் வளர்ந்து இரண்டு பக்கமும் நனைந்து நின்றன. அப்பாவின் முதுகு தெரியும், மறையும், மறுபடியும் தெரியும். திடீரென்று வெளிச்சம் வந்தது. காலடியில் படிப்படியாக வயல்கள். ஒவ்வொரு படியிலும் தண்ணீர், ஒவ்வொரு தண்ணீரிலும் ஒரு துண்டு வானம். வரப்பில் கண்டிச் சேலை கட்டிய ஒரு பெண் குனிந்து நாற்றைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா," என்று அப்பா கூப்பிட்டார்.

அவள் நிமிரவில்லை. சிங்களத்திலும் அக்காவுக்கு அக்காதான். ஊரில் யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்திருப்பாள். அப்பா இன்னொரு முறை கூப்பிட்டார். இந்த முறை அவர் குரல் பிசிறிவிட்டது. அவள் நிமிர்ந்தாள். கையிலிருந்த நாற்று தண்ணீரில் விழுந்தது.

"என்ன, மல்லி, என்ன," என்றாள்.

என்ன, என்ன என்று தமிழில் கேட்கிறாள் என்று ஒரு கணம் எனக்கு மனம் துள்ளியது. பிறகுதான் உறைத்தது. சிங்களத்தில் அதற்கு வா என்று அர்த்தம். வா தம்பி, வா என்றுதான் அவள் சொன்னாள். சேற்றுக் கையோடு அப்பாவின் முகத்தைப் பிடித்துக்கொண்டாள். அப்பா தமிழில் அழுதுகொண்டே பேசினார். அவள் சிங்களத்தில் அழுதாள்.

அவள் கணவரை மாமா என்று கூப்பிட எனக்குக் கூச்சமே இருக்கவில்லை. அந்தச் சொல்லும் இரண்டு பாஷைக்கும் பொதுதான். உயரமான, குறைவாகப் பேசும் மனிதர். அவர்களுக்கு ஒரே மகன். குரக்கன் களியும் காட்டுக் காளான் கறியும் பரிமாறியவன் அவன்தான். என் தட்டில் கறியை வைத்துவிட்டு, உறைக்குமோ என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

சாப்பிட்ட பிறகு மழை பிடித்துக்கொண்டது. பாயில் சாய்ந்தவள் தூங்கிப்போனேன். விழித்தபோது ஜன்னல் வழியாக மேகம் அறைக்குள் வந்திருந்தது. அடுப்படியில் பேச்சுக் குரல் கேட்டது. அத்தை அப்பாவிடம் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள். தம்பி மகள் தன் மகனுக்கு உரியவள், இங்கேயும் அதுதான் முறை, அங்கேயும் அதுதான் முறை, விட்டுவிட்டுப் போ என்றாள்.

அப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நீதான் சொல்லணும். நான் சொன்னா பின்னால என்னயத்தான் ஏசுவ."

நான் பார்த்திராத ஒரு தேசத்தை நினைத்துப் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. வெளியே அத்தை மகன் மழையில் நனைந்துகொண்டு, அப்பா வழுக்கி விழாமல் இருக்க வாசற்படியில் மண் வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தான்.

"நான் இங்கயே இருக்கேன்பா," என்றேன்.

அப்பா நெடுநேரம் என் கையைப் பிடித்தபடி இருந்தார். "பாக்கணும்னு நெனச்சா நானும் இனி அங்க இருந்து இந்தப் பக்கம் பாத்துட்டு நிக்கிறதுதான்," என்றார்.

மாத்தளை ஸ்டேஷனில் அவரை ரயிலேற்ற நாங்கள் எல்லோரும் இறங்கி வந்தோம். ரயில் நகர்ந்தபோதும் அத்தை சிங்களத்தில்தான் கையாட்டி அழுதாள். அண்ணனிடம் போய்ச் சேர்ந்த அப்பா, அங்கேயே சில வருடங்களில் காலமானார். மறுபடி நான் அவரைப் பார்க்கவில்லை.

மேல்வயலில் என் நாட்கள் இரண்டு பாஷைகளுக்கு நடுவில் மெதுவாக நகர்ந்தன. அத்தையிடம் மட்டும் நான் தமிழை விடவில்லை. "அத்தே, உப்பு எங்க?" என்பேன். உப்பு இருக்கும் இடத்தைச் சிங்களத்தில் சொல்லுவாள். ஒரு நாள் ஏன் என்று கேட்டேவிட்டேன். களை பிடுங்கிக்கொண்டே பதில் சொன்னாள். வந்த புதிதில் அவள் வாயைத் திறந்தாலே பிள்ளைகள் கூடி நின்று சிரிப்பார்களாம். மாமியார் கோபிப்பாளாம். பிறகு சிரிப்பாரும் இல்லை, கோபிப்பாரும் இல்லை. பேசத்தான் ஆள் இல்லை. "அமத்தக்க வுணா," என்றாள். மறந்துபோயிற்றாம். நான் தமிழில் சொல்லும் ஒரு வார்த்தையைக்கூட அவள் தவறவிட்டதில்லை. அதனால் நான் அதை நம்பவில்லை.

அத்தை மகனைக் கட்டிக்கொண்டேன், எங்களுக்கு ஒரு மகள் பிறந்தாள். ஏலக்காட்டுக்குள் அவளை முதுகில் கட்டிக்கொண்டு போகும்போது தமிழில் பேசிக்கொண்டே போவேன்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடி மாதம். ஒரு காலையில் அத்தையும் நானும் விறகுக்காகக் காட்டுக்குள் இறங்கியிருந்தோம். பனி அடர்த்தியாக இருந்தது. அதில் வழக்கமில்லாத ஒரு வாடை கலந்திருந்தது. தகரமும் துணியும் எரிகிற வாடை. கீழே தோட்டங்களில் தமிழர்களைத் தாக்குகிறார்கள் என்று முந்தின நாளே ஊரில் பேச்சு அடிபட்டது. நாங்கள் நின்று உற்றுக் கேட்டோம். பக்கத்திலேயே ஒரு குழந்தை முனகியது. யாரோ அதன் வாயைப் பொத்தினார்கள்.

இலைகளை விலக்கினேன். ஏலச்செடிகளின் அடியில் ஆட்கள் குந்தியிருந்தார்கள். ஆணும் பெண்ணுமாகச் சில குடும்பங்கள். எல்லோர் முகத்திலும் கரி. எங்கள் கண்டிச் சேலை உடுப்பைப் பார்த்தார்கள். ஒருவர் தேயிலை வெட்டும் கவ்வாத்துக் கத்தியை ஓங்கிக்கொண்டு எழுந்தார். எனக்கு எங்கள் லயத்து ஆட்கள் என்று புரிந்துவிட்டது. பேச வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

அப்போது என் பின்னால் ஒரு குரல் கேட்டது.

"அடி ஆத்தா, பச்சப்புள்ள வாயப் பொத்தாதடி, மூச்சு முட்டிறப் போவுது! நெஞ்சோட அணைச்சுக்க. குளுருது பாரு அதுக்கு. ஏம்ப்பா, அந்தக் கத்தியக் கீழ போடு. நானும் கீழ் லயத்துப் புள்ளதான். வாங்க. எல்லாரும் வாங்க. பயப்படாதீங்க."

அது ஓர் இளம்பெண்ணின் தமிழ். தோட்டத்தை விட்டு வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே, ஒரு சொல்லும் தேயாமல் இருந்தது. கத்தியைப் பிடித்திருந்தவர் அதைக் கீழே போட்டுவிட்டு விம்மி விம்மி அழுதார். அத்தை குழந்தையை வாங்கித் தன் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். நடந்துகொண்டே பேசினாள். கல்லு இருக்கு பாத்து, வழுக்கும் பாத்து, இந்தா வந்துட்டோம், இந்தா வந்துட்டோம் என்று பனிக்குள் அந்தக் குரல் போய்க்கொண்டே இருந்தது. நாங்கள் அதைப் பிடித்துக்கொண்டு ஏறினோம்.

ஊரில் எல்லோருக்கும் அது பிடித்தது என்று சொல்ல மாட்டேன். நம் வீடும் எரியுமே என்று பயந்தவர்கள் இருந்தார்கள். மாமாதான் ஏலம் காயவைக்கும் கொட்டகையைத் திறந்துவிட்டார். மறுநாள் கீழேயிருந்து ஒரு கூட்டம் தடிகளோடு ஏறி வந்து, இங்கே யாராவது ஒளிந்திருக்கிறார்களா என்று கேட்டது. மாமாவும் என் வீட்டுக்காரரும் பாதையை மறித்து நின்றார்கள்.

"மெஹே இன்னே அபே மினிஸ்சு," என்றார் மாமா. இங்கே இருப்பது எங்கள் ஆட்கள் என்று அர்த்தம்.

அவர் பொய் சொல்கிற மனிதர் இல்லை என்று வந்தவர்களில் சிலருக்குத் தெரிந்திருந்தது. கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டு நின்றுவிட்டு இறங்கிப் போனார்கள். அடுத்த நாள் மிளகு வியாபாரியின் மாடுகள் வந்தன. மிளகு வாங்க வரவில்லை. அரிசி மூட்டைகளை இறக்கிவிட்டுப் போயின.

கலவரம் ஓய்ந்த பிறகு அந்தக் குடும்பங்களில் பாதிப் பேர் வடக்கே வவுனியாப் பக்கம் போய்விட்டார்கள். சிலர் தோட்டத்துக்கே திரும்பினார்கள்.

அன்றிலிருந்து அத்தை என்னிடம் தமிழில் பேசினாள். ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள். சின்ன வயதில் அப்பாவைத் தூக்கிக்கொண்டு கொழுந்துக் காட்டுக்குப் போனது, மாமாவை முதன்முதலில் பாலத்தடியில் பார்த்தது, வந்த முதல் மழைக்காலம் முழுக்க லயத்துத் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றது, எல்லாம் சொன்னாள். மாமா பக்கத்தில் உட்கார்ந்து பாக்கு வெட்டிக்கொண்டே, புரிந்தவர் போலத் தலையாட்டுவார்.

அவர் இறந்த பிறகு ஒரு வருடம், மாசி மகத்துக்கு மாத்தளை முத்துமாரியம்மன் தேர் பார்க்க வேண்டும் என்றாள். என் மகளும் நானும் கூட்டிப்போனோம். கண்டிச் சேலையிலேயே வந்தாள். தேர் அசைந்து வந்தபோது கூட்டத்தோடு சேர்ந்து கை கூப்பிக் கண்ணை மூடிக்கொண்டாள். கற்பூரப் புகை அவளைச் சுற்றி நின்றது. பக்கத்தில் நின்ற ஒரு பெண் அவள் உடுப்பையும் அவள் முணுமுணுக்கும் தமிழையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எந்த ஊரும்மா நீங்க?" என்று கேட்டாள்.

அத்தை கிழக்கே மலையைக் காட்டினாள். மலை இருந்த இடத்தில் மேகம்தான் தெரிந்தது.

"அங்கதான்," என்றாள். பிறகு என் மகளிடம் திரும்பி, கச்சான் கொட்டை வாங்கித் தரச் சொன்னாள். பஸ்ஸில் அதைக் கொறித்துக்கொண்டே வந்தவள், இரத்தோட்டை தாண்டியதும் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள்.