மாமா பார்த்த சூர் நகரம்

லெபனானில் சூர் என்று ஒரு துறைமுக ஊர் இருப்பதை எங்கள் வகுப்பிலேயே முதலில் கண்டுபிடித்தவள் நான்தான். மனாமாவின் குதைபியாவில் எங்கள் வீட்டுக்குக் கீழே ரொட்டிக்கடை வைத்திருந்தவர் அந்த ஊர்க்காரர். அது போதாதா? பள்ளி நூலகத்தைக் குடைந்து, கடல் நத்தையிலிருந்து ஊதாச் சாயம் எடுத்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள், தீவாகக் கிடந்த ஊரை அலெக்சாண்டர் கடலைத் தூர்த்துக் கரையோடு சேர்த்தான் என்றெல்லாம் என் பள்ளிக்கூட அரபியில் அவரிடமே ஒப்பிப்பேன். மாவுக் கையோடு கேட்டுக்கொண்டிருப்பார். "மதியத்தில் அங்கே சத்தமே இருக்காது. வலை காயும். பூனை தூங்கும்" என்பார். அலெக்சாண்டரை விட்டுவிட்டுப் பூனையைப் பிடித்துக்கொள்கிறாரே என்று எனக்கு எரிச்சலாக வரும்.

அங்கே சண்டை ஓய்ந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. பூட்டிவிட்டு வந்த அவர் வீடு நிற்கிறதா, விழுந்துவிட்டதா என்று சொல்ல ஆளில்லை. தெருவே கலைந்து போயிருந்தது.

அப்போதுதான் மாமா வந்தார். உம்மாவின் தம்பி, சரக்குக் கப்பலில் சமையல்காரர். கப்பல் மனாமாவில் நின்றால் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. போன பயணத்தில் சூருக்கு வெளியே நங்கூரம் போட்டதாகவும், கரையில் ஒருவரையும் இறங்க விடவில்லை என்றும் சோற்றைப் பிசைந்தபடி சொன்னார். நான் சும்மா இருப்பேனா? மாமா சூரைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார் என்று கீழே ஓடிப்போய்ப் போட்டுடைத்தேன்.

அன்று சாயங்காலமே ரொட்டிக்காரர் மேலே வந்துவிட்டார், சட்டை மாற்றி, தலை வாரி. மாமாவின் அரபி யல்லா, கலாஸ் அளவோடு சரி. நடுவில் மொழிபெயர்க்க நான்.

"மீனவர் துறைக்குப் பின்னால், நீலக் கதவு வீடு. இருக்கிறதா என்று கேள்."

மாமா அவர் முகத்தைப் பார்த்தார். "இருக்குண்டு சொல்லு புள்ள."

"நீங்க எறங்கவே இல்லண்டு சொன்னீங்களே மாமா!"

"நீ என்ன கஸ்டம்ஸ் ஆபீசரா? சொன்னதச் சொல்லு."

சொன்னேன். அவர் கண்ணை மூடித் திறந்தார். கொஞ்சம் யோசித்து, "வாசலில் அத்திமரம்?" என்றார்.

"காய்ச்சுத் தொங்குதுண்டு சொல்லு."

பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் சொன்னேன். அவர் மாமாவையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மாமாவின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை ரொட்டி வாங்கப் போனபோது கல்லாவில் அவர் மனைவி. அத்திமரத்தைப் பற்றிக் கேட்டதும் சிரித்துவிட்டார். "எங்கள் வாசலிலா? படி இறங்கினால் பாறை, பாறைக்கு அந்தப் பக்கம் கடல். மரம் வைக்க ஏது இடம்?"

மாமா வசமாக மாட்டிக்கொண்டார்! பள்ளி விட்டு வந்ததிலிருந்து கூடத்தை விட்டு நான் நகரவில்லை. நடக்கப்போகும் சண்டையில் ஒரு வார்த்தையும் தவறிவிடக் கூடாதே.

ரொட்டிக்காரர் வந்தார். கையில் சூடான ரொட்டிப் பொட்டலம். மாமாவுக்கு எதிரே சாவகாசமாகச் சாய்ந்துகொண்டு என்னை அழைத்தார்.

"கேள். பழம் இந்த வருடம் இனிப்பு எப்படி?"

பாவம், சொந்த வீட்டு வாசலே மறந்துபோய்விட்டது மனிதருக்கு என்று நினைத்துக்கொண்டே, நான் மாமாவின் பக்கம் திரும்பினேன்.