துண்டுக்கடியில் போன கிட்டார்கள்

இந்தச் சங்கதி தொடங்குவதற்கு முன் என் நிலை என்ன என்பதைச் சொல்லிவிடுவது முறை. திருச்சிராப்பள்ளியில் ஒரு கல்லூரியில் பௌதிக விரிவுரையாளனாக இருந்தேன். ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் சொந்த வீடு. என் தகப்பனார் காலமான பிறகும் கோயிலில் எங்கள் குடும்பத்துக்குத் தீர்த்தம் சாதிக்கும் வரிசை மாறவில்லை. நான் எவரிடமும் கைமாற்று வாங்கியதில்லை. எவருக்கும் ஜாமீன் நின்றதில்லை. காய்கறிக் கடையில்கூடப் பேரம் பேசியறியேன். சொன்ன விலையைக் கொடுப்பேன். அல்லது பையை மடித்துக்கொண்டு திரும்பிவிடுவேன்.

வீட்டு மாடி அறையில் ஐந்து மின்சாரக் கிட்டார்கள் இருந்தன என்பது இந்த மதிப்பைக் குறைத்ததாகத் தெரியவில்லை. முதலாவதை வகுப்புக்காகவே வாங்கினேன். காந்தத்தைச் சுற்றிய கம்பிச் சுருளுக்கு மேலே எஃகுத் தந்தி அதிர்ந்தால் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. அதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதைவிடக் காதால் கேட்கச் செய்வது மேல் என்று எண்ணினேன். அது மடியில் கிடத்தி, இரும்புத் துண்டைத் தந்திமேல் இழைத்து வாசிக்கும் ஹவாயன் வகை. வகுப்பு முடிந்த பிறகும் என் கை அதைவிட்டு வரவில்லை. பிறகு பம்பாயிலிருந்து ஒன்று, கல்கத்தாவிலிருந்து இரண்டு, பெரிய கடைவீதி ரேடியோ ரிப்பேர்க் கடையில் அடகு மீளாமல் கிடந்தது ஒன்று என்று சேர்ந்துவிட்டன. பழைய வால்வு ரேடியோவில் இணைத்து வாசிப்பேன். எர்த் சரியில்லாத நாட்களில் தந்தி சுருக்கென்று கடிக்கும். ஆகவே பலகை மணையின்மேல் உட்கார்ந்துதான் வாசிப்பது.

"ஏன்னா, நாளைக்கு ச்ராத்தம். அந்த மணையைக் கொஞ்சம் விட்டுக் குடுங்கோ" என்று என் மனைவி மாடிப்படியில் நின்று கேட்பாள். அதற்கு மேல் அவள் எதுவும் சொன்னதில்லை. வீதியில் 'கரண்டு வீணை' என்று பேசிக்கொண்டார்கள். பௌதிகம் படித்தவன் செய்வது என்பதால் அதிலும் ஒரு மரியாதை இருந்தது.

அறுபதுகளின் நடுவில், பொன்மலை ரயில்வே காலனியில் வீடு வீடாகச் சாமான்களை விற்றுக்கொண்டிருந்தார்கள். ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பல ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம். ஓய்வுபெற்ற எஞ்சின் டிரைவர் ஒருவர் தம்மிடம் ஒரு கிட்டார் இருப்பதாகச் சொல்லி அனுப்பினார். கப்பலில் வேலை பார்த்த அவர் மருமகன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது. போய்ப் பார்த்தேன். உள்ளே கூடு இல்லாத, ஒரே கட்டையில் இழைத்த உடல். கழுத்து, கைக்கு அளவெடுத்துச் செய்தது போல அமர்ந்தது. தந்தியை மீட்டிவிட்டுக் கையை எடுத்தேன். சுவரம் நேராக நின்று, தேயும்போதும் கோணாமல் தேய்ந்தது. என் வீட்டுக் கிட்டார்களில் மேல் கட்டைக்குப் போகப் போகச் சுவரம் பிசகும். அதைக் காதால் பொறுத்துக்கொண்டு இத்தனை வருஷம் வாசித்திருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவர் விலையைச் சொன்னார். நான் ஒப்புக்கொண்டேன். "கப்பலுக்குப் போறதுக்கு முன்னால வந்து எடுத்துக்கங்க ப்ரொஃபசர். அதுவரைக்கும் வேற ஆளுக்குக் காட்டமாட்டேன்" என்றார். நான் ப்ரொஃபசர் அல்லேன் என்று திருத்தினேன். அவர் திருந்தவில்லை.

வீட்டுச் சேமிப்பைத் தொடுவதில்லை என்பது என் நியதி. பொழுதுபோக்குக்கு ஆன பொருள் பொழுதுபோக்கிலிருந்தே வரவேண்டும். கை பழகிய ஹவாயனை வைத்துக்கொண்டு மற்ற நான்கையும் விற்பதென்று முடிவு செய்தேன். அதில் இழிவு எதுவும் இருப்பதாக எனக்கு அப்போது தோன்றவில்லை.

விற்பது என்றால் எப்படிப்பட்டவர்கள் வாசலேறுவார்கள் என்பதை நான் யோசிக்கவில்லை. பாலக்கரையில் மெல்லிசைக் குழு நடத்திய ஒருவர் முதலில் வந்தார். கல்யாணங்களுக்குச் சினிமாப் பாட்டு வாசிக்கிற குழு. வெற்றிலைச் சாறு வழிய, செருப்பை நடையிலேயே விட்டுவிட்டு மாடியேறினார். சிவப்பு வார்னிஷ் பூசிய கிட்டாரை எடுத்து, கத்தரிக்காயை அழுத்திப் பார்ப்பது போல முதுகைக் கட்டைவிரலால் அமுக்கினார்.

"சார், இது லைட்டு போட்டா பளபளன்னு இருக்குமா?"

"அது வெளிச்சத்துக்கான கருவியல்ல" என்றேன்.

"அட, ஜனங்க கண்ணாலதான சார் பாட்டு கேக்குது. சரி, நாலும் எவ்வளவு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஜன்னல் வழியே கீழே நின்ற தம் ஆளுக்குக் கூவினார்: "டேய், நாலு உருப்படி! சல்லிசா முடிஞ்சிடும், வண்டியப் புடிச்சு வை!"

எதிர்வீட்டு வாசலில் என் பெரியம்மாவின் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். எனக்கு அத்தான் முறை. வேலையிலிருந்து ஓய்வுபெற்று வீதியைப் பார்ப்பதையே வேலையாகக் கொண்டவர். அவர் தலை நிமிர்ந்ததை நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். உடம்பில் எச்சில் பட்டது போல இருந்தது. குழுக்காரரை அன்று அனுப்பிவிட்டேன்.

அடுத்து வந்தவர் நாடகக் கம்பெனிக்குச் சாமான் வாடகைக்கு விடுகிறவர். தந்தியும் காந்தமும் வேண்டாம், கட்டை மட்டும் போதும், வில்லன் தூக்கி எறிகிற காட்சிக்கு ஆகும் என்றார். கதவைக் காட்டினேன்.

விலை என்ற சொல் என் வாசலில் உரக்க ஒலிப்பதை இனி அனுமதிப்பதில்லை என்று தீர்மானித்தேன். அப்போது என் மனைவி ஒரு யோசனை சொன்னாள். குளித்தலையில் அவள் தமையனாருக்கு நிலமும் மாடும் உண்டு. "அண்ணா மாடு குடுக்கறச்சே மணப்பாறைத் தரகரைத்தான் கூப்பிடுவார். துண்டைப் போட்டு மூடிண்டு விரலைப் பிடிச்சே பேசி முடிச்சுடுவா. பக்கத்திலே நிக்கறவாளுக்குக்கூட விலை தெரியாது." எனக்கு அது சரியென்று பட்டது. ஒரு சொல்கூட வெளியே வராத வியாபாரம் கௌரவமான வியாபாரம்தானே என்று நினைத்தேன். தரகருக்கு ஆள் போயிற்று. குழுக்காரரையும் அதே நாளில் வரச் சொன்னேன்.

தரகர் கிட்டார் என்ற ஒன்றை அதற்கு முன் பார்த்தவரல்லர். அது அவரைத் தடுக்கவில்லை. கூடத்தில் வரிசையாகச் சாய்த்து வைத்திருந்த நான்கையும் சுற்றி வந்தார். குனிந்து கழுத்தைத் தடவினார். கம்பி முறுக்கும் ஆணிகளைப் பல்லைப் பார்ப்பது போல ஒவ்வொன்றாகத் தொட்டார்.

"இதுக்கு வயசு என்ன சாமி?"

சொன்னேன். கல்கத்தாக் கிட்டார்களில் ஒன்றைத் திருப்பிப் போட்டவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். முதுகுப் பலகையில் மரத்தின் கணு ஒன்று வட்டமாகத் தெரிந்தது.

"சாமி, இதுல சுழி இருக்கு. இடுப்புக்குக் கீழ சுழி. இத வாங்குறவன் வீடு உருப்படாது. விலை இறங்கும்."

"அது மரக்கணு" என்றேன்.

"மாட்டுக்காரனும் மயிருன்னுதான் சொல்லுவான்" என்றார் தரகர்.

குழுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு அவரே, "சுழியுள்ளதுக்குக் கொறச்சுக்கணும் சார்" என்றார். காந்தமும் சுருளும் உள்ள ஒரு கருவிக்கு, எருதுக்கு வைத்த இலக்கணத்தை வைத்து என் கூடத்திலேயே விலை குறைத்தார்கள்.

பிறகு துண்டு வந்தது. வியர்வையும் மூக்குப்பொடியும் ஊறிய துண்டு. தரகர் அதை என் வலக்கைமேல் போட்டு, அடியில் என் விரல்களைப் பிடித்தார். பொடி படிந்த விரல்கள், ஈரமாக, சூடாக, ஒவ்வொரு விரலாகப் பற்றி அழுத்திவிட்டு முகத்தைப் பார்த்தன என்றே எனக்குத் தோன்றியது. எந்த விரலுக்கு எவ்வளவு என்று முன்பே எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். நான் நினைத்த விலையை விரலால் சொன்னேன். அவர் குழுக்காரரிடம் நகர்ந்து அவர் கையை மூடினார். மறுபடி என்னிடம் வந்தார். வாயைத் திறக்காமல், பேரம் பேசியறியாத நான் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். வாசற்கதவு திறந்திருந்தது. எதிரே அத்தான் எழுந்து நின்றிருந்தார்.

படிந்த விலை நியாயமான விலை. குழுக்காரர் தெரிந்தே நல்ல பொருளுக்கு நல்ல விலை கொடுத்தார். இதை அவர் பிற்பாடு எங்கும் சொல்லவில்லை. கிணற்றடிக்குப் போய் மூன்று முறை கை கழுவினேன்.

திரும்பி வந்தால் தரகர் கிட்டார்களின் தோள்வார்களை அவிழ்த்துக்கொண்டிருந்தார். "கயித்தோட குடுக்கப்படாது சாமி. மாட்டக் குடுத்தாலும் கயிறு நம்ம வீட்டுலதான் இருக்கணும். வாங்குறவன் அவன் கயிறு கொண்டாரணும். இல்லாட்டி வீட்டு லட்சுமியும் கூடவே போயிடும்." நான்கு வார்களையும் என் கையில் கொடுத்தார். கிட்டார்கள் நான்கும் வாரில்லாமல், உறையில்லாமல், குதிரை வண்டியில் வைக்கோல்மேல் கிடந்து வீதியோடு போயின. நானும் வார்களைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன். மாடு விற்றவன் நிற்பது போலவே நின்றேன்.

விலையை ஒருவரும் கேட்கவில்லை. ஆகவே ஒவ்வொருவரும் ஒரு விலை வைத்தார்கள். மணப்பாறைத் தரகர் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் அந்த வீடு நொடித்துவிட்டது என்றுதான் பொருள். துண்டு போட்டுப் பேசினால் வெளியே சொல்லக் கூசும் விலை என்றுதான் பொருள். இப்படித்தான் வீதி கணக்குப் போட்டது. நான் ஒரு சீட்டுக் கம்பெனியில் மாட்டிக்கொண்டதாக ஒரு பேச்சு. குதிரைப் பந்தயம் என்று இன்னொன்று. குதிரைப் பந்தயம்! பட்டணத்துக்கு விடைத்தாள் திருத்தப் போவதைத் தவிர நான் போனதில்லை.

அத்தான் மறுநாளே வந்தார். கூடத்து ஊஞ்சலில் உட்கார்ந்து, செத்த வீட்டில் பேசும் குரலில் தொடங்கினார்.

"அம்பி, மனசை விட்டுடாதே. பெருமாள் இருக்கார்."

"என்ன விஷயம்?"

"விஷயம் என்னன்னு நான் கேக்கலை. உன் தோப்பனார் இருந்த இடத்திலே நான் இருக்கேன். பாத்திரம் பண்டத்துக்கு வரதுக்கு முன்னாடி என்கிட்ட சொல்லு. மடித்துணிச் சஞ்சியிலே கொஞ்சம் பணம் முடிஞ்சு வெச்சிருக்கேன்."

"எனக்கு எந்தக் கஷ்டமும் இல்லை. வேறொரு கிட்டார் வாங்குவதற்காகத்தான் விற்றேன்."

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. "அப்படியே சொல்லிண்டிரு. அதுதான் நல்லது" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, மனைவி கொடுத்த காபியை வேண்டாம் என்று கையமர்த்தினார். எங்கள் வீட்டில் காபிப்பொடிக்கும் முடை என்று அவர் எண்ணியிருக்க வேண்டும். கல்லூரியிலும் முதல்வர், என் முகத்தைப் பாராமல், சம்பளத்தில் முன்பணம் வாங்கும் வசதி உண்டு என்று பொதுவாகச் சொல்வது போலச் சொன்னார். என் வாழ்நாளில் நான் கேட்ட வசவுகளில் இந்தக் கருணைக்கு ஈடானது எதுவுமில்லை.

பணத்தை எடுத்துக்கொண்டு பொன்மலைக்குப் போனேன். கைப்பையில் நான்கு வார்களில் ஒன்றையும் வைத்திருந்தேன். வீட்டுக்குள் பெட்டிகளெல்லாம் கயிறு கட்டித் தயாராக இருந்தன. டிரைவர் என்னைக் கண்டதும் எழுந்தார்; அவர் முகத்திலும் அதே இரக்கம்.

"உட்காருங்க ப்ரொஃபசர். ஒரு ஆள் வந்தான், பாலக்கரை பேண்ட் ஆள். உங்க கிட்டார் எல்லாம் அவன்தான் வாங்கினானாம். 'ப்ரொஃபசர் முழுகிட்டாரு, அவரால முடியாது, எனக்குக் குடு'ன்னு கேட்டான்."

அந்தக் கிட்டார் போயிற்று என்றே நினைத்தேன். இத்தனை அருவருப்பையும் அதற்காகத்தான் சகித்தேன்.

"கொடுத்துவிட்டீர்களா?"

"நோ, நோ. வார்த்தை வார்த்தைதான்." உள்ளே போய்க் கிட்டாரை எடுத்துவந்து மேஜைமேல் வைத்தார். "ஆனா ஒண்ணு. கஷ்டப்படுற மனுஷன்கிட்ட நான் அந்த விலை வாங்கமாட்டேன். பாதி குடுங்க. அதுவும் இல்லேன்னா சும்மாவே எடுத்துட்டுப் போங்க. காட் இஸ் தேர்."

அவர் நல்ல மனிதர் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த நொடியில், குழுக்காரரின் எச்சிலும் தரகரின் பொடிவிரலும்கூட இவ்வளவு கூசவில்லை என்று தோன்றியது. கிட்டார் என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. தலையை ஆட்டினால் போதும்.

"நீங்கள் சொன்ன விலை ஒன்று. நான் ஒப்புக்கொண்ட விலை ஒன்று. அதில் ஒரு ரூபாய் குறைத்தாலும் நான் இதைத் தொடமாட்டேன்" என்றேன்.

"ப்ரொஃபசர், நான் ஃப்ரெண்டா சொல்றேன்."

"நான் வாங்குகிறவனாகச் சொல்கிறேன்."

பணத்தை எடுத்துக் கிட்டாருக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் அதை எடுத்து, எண்ணாமலே சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கிட்டாரில் அவர் மருமகனின் தோல் வார் தொங்கிக்கொண்டிருந்தது. அதை அவிழ்த்து அவரிடமே கொடுத்தேன். என் பையிலிருந்த பழைய வாரை எடுத்து மாட்டினேன்.

"அந்த வாரும் சேர்த்துத்தானே விலை?" என்றார், விளங்காமல்.

"வாங்குகிறவன்தான் கயிறு கொண்டுவர வேண்டும்" என்றேன். மணப்பாறைத் தரகரின் சட்டத்தை நான் அன்று பொன்மலையில் நடத்தினேன் என்பது எனக்கே பிடிக்கவில்லை. ஆனால் இனாமாக ஒரு தோல்துண்டுகூட அந்த வீட்டிலிருந்து என்னோடு வரக்கூடாது என்று இருந்தது.

அந்தக் கிட்டார் இன்றும் மாடி அறையில் இருக்கிறது. சுவரம் இன்றும் நேராகத்தான் நிற்கிறது. மூன்று வார்கள் ஆணியில் தொங்குகின்றன.

கடன் முற்றி நான் கிட்டார்களை விற்றேன் என்றும், பொன்மலைக்காரர் மனமிரங்கி எனக்கு ஒன்றைத் தானமாகக் கொடுத்தார் என்றும் உத்தர வீதியில் சொல்லிவந்தார்கள். அத்தான் கடைசிவரை அதையே சொன்னார். எனக்குக் கடன் இருக்கவில்லை. தானம் எதையும் நான் வாங்கவில்லை. முதலில் சொன்ன விலையை முழுவதுமாகக் கொடுத்தேன்; வாரும் என்னுடையதே.