யாராலும் திருப்பிப் படிக்க முடியாத பாஸ்வேர்டு

கிளியனூரைப் பேருந்து தாண்டும்போது ஸ்டெல்லாவின் தம்பி கைப்பேசியில் அழைத்தார். "அக்கா தூக்கத்துலயே போய்ட்டாங்க. வலின்னு ஒண்ணும் சொல்லலிங்க." மாதக்கணக்கில் புற்றுநோயோடு அவர் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் நாம். அழுகைக்கு முன்னால் எனக்குப் பெருமூச்சுதான் வந்தது. அவரோடு வேலை பார்த்த உங்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

திண்டிவனத்தில் பெண்களுக்கு வேலை தேடித் தரும் இணையதளம் ஒன்றை நடத்தினோமே, அதன் புரோகிராமர் ஸ்டெல்லா. போனை எடுப்பது என் வேலை. பதிவு செய்தவர்களின் பாஸ்வேர்டுகள் அப்போது அப்படியே எழுத்தில் கிடந்தன. யாராவது மறந்துவிட்டுக் கேட்டால் பார்த்துச் சொல்வேன். ஸ்டெல்லாவுக்கு அது பிடிக்கவே இல்லை.

"நம்ம கண்ணுல படுதுன்னா யாரு கண்ணுலயும் படும் சார்," என்றார் முதலாளியிடம்.

"மறந்துட்டேன்னு போன் பண்றவங்களுக்கு என்னம்மா சொல்றது?"

"புதுசா ஒண்ணு வெச்சிக்கச் சொல்லுவோம்."

அந்த வாரமே கறுப்புத் திரையில் ஒரு கட்டளையை அடித்து, எல்லாப் பாஸ்வேர்டுகளையும் அர்த்தமில்லாத எழுத்துக் குவியலாக மாற்றிவிட்டார். ஒருவர் அடிப்பது சரியா என்று கணினி ஒப்பிட்டுப் பார்க்கும்; குவியலைத் திருப்பிப் படிக்க மட்டும் யாராலும் முடியாது.

பிறகு ஒருநாள் மரக்காணம் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். நம் தளத்தில் பதிவு செய்திருந்த அவருடைய மனைவி, அவர் அடி தாங்காமல் வீட்டை விட்டுப் போயிருந்தார். "எல்லாத்துக்கும் ஒரே பாஸ்வேர்டுதான் வெப்பா. அத்தச் சொல்லுங்க, அவ மெயிலப் பாத்து எங்க ஒளிஞ்சிக்கினு இருக்கான்னு கண்டுபிடிக்கிறேன்," என்று மேசையைத் தட்டினார்.

முதலாளிக்கு வியர்த்துவிட்டது. "பேஜாரு வேணாம், சொல்லிடும்மா."

ஸ்டெல்லா திரையை வந்தவர் பக்கம் திருப்பினார். "உங்க பேரச் சொல்லுங்க." சொன்னார். அதை அடித்துக் கட்டளையை ஓடவிட்டதும் நீளமான குவியல் ஒன்று வந்தது. அதே பெயரை மறுபடி அடித்தார். வேறொரு குவியல் வந்தது.

"இதுல உங்க பேரு எங்க இருக்குதுன்னு காட்டுங்க பாக்கலாம். என்னாலயும் முடியாதுங்க. அவங்க பாஸ்வேர்டும் இப்படித்தான் இருக்குது."

அவர் கதவை அறைந்துவிட்டுப் போனார். "நல்ல வேளை சார், நமக்கே தெரியல," என்று ஸ்டெல்லா சிரித்தார். அப்போதுதான் எங்களுக்கு மூச்சே வந்தது.

நேற்று விழுப்புரம் கல்லறைத் தோட்டத்தில், அடக்கம் முடிந்ததும், ஒரு பெண் என் அருகில் வந்து நின்றார். இப்போது தையல் கம்பெனியில் மேற்பார்வையாளராம். "அன்னிக்கு இவங்க என் பாஸ்வேர்டக் கொடுத்திருந்தா, அவரு என்னை இழுத்துக்கினு போயிருப்பாருங்க," என்றார்.

ஸ்டெல்லாவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது, மிரட்டுகிறவரின் முகத்தைப் பார்த்து 'எங்களுக்குத் தெரியாது' என்று பொய்யில்லாமல் சொல்ல முடிந்த அந்த நிம்மதியை.