மல்லிகாக்கா கட்டிய லாரிகள்

செங்கல்பட்டில் என் உதிரிபாகக் கடையில் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது மல்லிகாக்காவின் கணவர் சுந்தரேசன் சாரிடமிருந்து போன் வந்தது. "ஏழுமலை, மல்லிகா போயிட்டா. காலைல காபி குடிச்சா, பேப்பர் படிச்சா, நாற்காலியிலயே சாஞ்சுட்டா" என்றார். டப்பாவை மூடிவிட்டு நம் குழுவில் இருப்பவர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டு, அவர்கள் வீடு இருக்கும் புதுப்பட்டினத்துக்குக் கிளம்பினேன். பெரிய லாரிகளைப் பார்த்து மயங்கி, அவற்றைச் சின்னதாகச் செய்து பார்க்கிற கிறுக்கு பிடித்த ஏழெட்டுப் பேர் நாம். நம்மில் ஒருவரும் அவரைப் போலச் செய்ததில்லை என்பதை நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

அவர் வரைபடப் பிரிவு ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், கணவரின் வேலை காரணமாக இந்தக் கடற்கரைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். முதன்முதலில் என் கடைக்கு வந்தபோது எதுவும் வாங்க வரவில்லை. கடைக்குப் பின்னால் நின்றிருந்த பழைய மூக்கு லாரியை அளந்துகொள்ளலாமா என்று கேட்டார். என்ஜின் முன்னால் மூக்கு மாதிரி நீண்டிருக்குமே, அந்தக் காலத்து வண்டி. செய்யூர் முனுசாமி அண்ணன் சவுக்குக் கட்டை ஏற்றி ஓட்டியது. சரி என்றேன். கொஞ்ச நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் ஆளைக் காணோம். வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு செருப்புகள் மட்டும் தெரிந்தன. கோணியை விரித்து மல்லாந்து படுத்து, அளவு நாடாவும் டார்ச்சுமாக, சேஸிஸ் என்கிற அடிச்சட்டத்தை அளந்துகொண்டிருந்தார். "அக்கா, மாடலுக்கு மேல்பக்கம் போதாதா?" என்றேன். "மேல இருக்கறத எல்லாரும் பார்ப்பாங்க தம்பி. வண்டி நிக்கறது கீழ இருக்கறதாலதானே?" என்று அடியிலிருந்தே பதில் வந்தது. அன்றைக்கே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று. நானும் அந்தக் கிறுக்குதான் என்று சொன்னேன். நம் குழு அந்தக் கோணியில்தான் பிறந்தது.

அந்த வண்டியை இருபதில் ஒரு பங்கு அளவில் செய்து முடித்ததும் முதலில் முனுசாமி அண்ணனுக்குத்தான் காட்ட வேண்டும் என்றார். அண்ணனை நான் பைக்கில் அக்கா வீட்டுக்கு அழைத்துப் போனேன். அண்ணன் மேசைக்கு முன்னால் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு தலையைச் சாய்த்து, "இன்னாம்மா, எடது பக்கம் கொஞ்சம் எறங்கிகினு கீதே, இத்தகூட வுடலியா நீ?" என்றார். அவர் வண்டியில் இடது பக்க ஸ்பிரிங் பட்டைகள் தளர்ந்திருந்தன. மல்லிகாக்கா மெல்லிய இரும்புத் தகட்டில் பட்டை பட்டையாக வெட்டி அடுக்கி, அந்தத் தளர்ச்சியையும் அப்படியே கொண்டுவந்திருந்தார். "நிமித்தி வச்சா அது வேற யாரோட வண்டியோ ஆயிடும்ணே" என்றார். அண்ணன் சட்டென்று போனை எடுத்து மகளுக்கு வீடியோ கால் போட்டார். "தோ பாரு, நம்ம வண்டி! அப்படியே கீது பாரு!" என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள்.

மாமல்லபுரத்துக் கண்காட்சியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த லாரிக்கு முதல் பரிசு. ஆனால் அதன் முன்னால் வைத்திருந்த அட்டையில் 'திரு. சுந்தரேசன்' என்று அச்சடித்திருந்தார்கள். லாரி என்றால் ஆண்தான் செய்திருப்பார் என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். மேடையிலும் அந்தப் பெயரையே அழைத்தார்கள். சார் எழுந்து போனபோது எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர் மைக்கைக் கையில் வாங்கினார். "எங்க வீட்ல பல்பு மாத்தணும்னாகூட நான் மல்லிகாவைத்தான் கூப்பிடுவேன். இந்த லாரியச் செஞ்சது அவ. மூணாவது வரிசையில உட்கார்ந்திருக்கா, கூப்பிடுங்க" என்றார். மண்டபம் முழுக்கக் கைதட்டல். மல்லிகாக்கா நேராக மேடைக்குப் போகவில்லை. லாரி இருந்த மேசைக்குப் போய், யாரிடமோ பேனா வாங்கி, அச்சடித்த பெயரை அடித்து 'மல்லிகா' என்று எழுதினார். அதற்குக் கீழே 'ஓட்டியவர்: செய்யூர் முனுசாமி' என்றும் எழுதினார். அதன் பிறகுதான் பரிசு வாங்க ஏறினார்.

அடுத்த வருடம் அவர் கையில் நடுக்கம் தொடங்கியது. குணமாகாது, மருந்தில் கட்டுப்படுத்தலாம், அவ்வளவுதான் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நாமெல்லாம் இனி அவர் மாடல் செய்ய மாட்டார் என்று நினைத்தோம். அவரோ தன் ஆயுளிலேயே கடினமான வேலையை அப்போதுதான் ஆரம்பித்தார். புதுப்பட்டினம் சாலையில் ஏதோ ஆலைக்குப் போகும் ராட்சத இரும்புக் கொப்பரை ஒன்றைச் சுமந்து வந்த நீள டிரெய்லரை அக்காவும் நானும் சேர்ந்து பார்த்தோம். முன்னால் இழுக்கும் வண்டி வளைவில் திரும்ப, பின்னால் வரிசையாக இருந்த அச்சுகள் ஒவ்வொன்றும் தன் பங்குக்குக் கொஞ்சம் கொஞ்சம் திரும்பின. அதைத்தான் செய்யப்போகிறேன் என்றார்.

"கை ஆடுதேக்கா" என்று வாய்விட்டுச் சொன்னது நான்தான்.

"கை ஆடட்டும். வைஸ் ஆடாதுல்ல?" என்றார்.

பொருளை வைஸ் என்கிற பட்டறை இடுக்கியில் இறுக்கி, அரம் நேராக மட்டுமே ஓடும்படி அதற்கு ஒரு சட்டம் செய்துகொண்டார். கை எப்படி ஆடினாலும் அரம் தடம் மாறாது. ஒரு மணி நேர வேலைக்கு ஒரு நாள் ஆயிற்று. எல்லாம் பூட்டியபின் கடைசி அச்சு திரும்ப மறுத்தது. முழுவதையும் பிரித்தார். மறுபடி பூட்டினார். மறுபடி சிக்கியது. எனக்கே மனம் விட்டுப்போயிற்று. "கண்ணாடிப் பெட்டிக்குள்ளதானே வைக்கப்போறோம், சக்கரத்த ஒட்டிடலாம்க்கா" என்றேன். அவர் என்னிடம் கோபப்பட்டது அந்த ஒரு முறைதான். "திரும்பலேன்னா அது பொம்மை. பொம்மை வேணும்னா கடையில கிடைக்கும், போய் வாங்கிக்கோ."

அதற்குப் பிறகும் விடாமல் பிரித்துப் பிரித்துப் பூட்டினார். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் முனுசாமி அண்ணனையும் வரச் சொன்னார். கூடத்துத் தரையில் டிரெய்லர் நின்றது. நூலைக் கட்டிச் சாப்பாட்டு மேசையின் காலைச் சுற்றி அவரே இழுத்தார். கை நடுங்கியது, நூல் நடுங்கியது, வண்டி நடுங்கவில்லை. அச்சுகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. கடைசிச் சக்கரம் மேசைக் காலை உரசாமல் நூலிழை இடைவெளியில் தாண்டியது. முனுசாமி அண்ணன், "யம்மா, கெலிச்சிட்ட!" என்று கத்தினார். மல்லிகாக்கா தரையிலேயே உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு, "என்னங்க, நாலு பேருக்கும் காபி போடுங்க. இன்னிக்கு நான் எழுந்திருக்க மாட்டேன்" என்று கணவருக்கு உத்தரவு போட்டார்.

அவர் செய்த வண்டிகள் சாரிடமே இருக்கின்றன, அங்கேதான் இருக்க வேண்டும். நான் எடுத்துக்கொண்டது ஒரு வழக்கத்தை. கனரக வண்டி எதிரே வந்தால் அக்கா ஓரமாக நின்று, டிரைவருக்கு ஒரு வணக்கம் வைப்பார். தெருவே பார்த்தாலும் கூச்சப்பட மாட்டார். கூட நிற்கும் எனக்குத்தான் வெட்கமாக இருக்கும். போன வாரம் பைபாஸில் காற்றாலை இறக்கை ஒன்றை ஏற்றிக்கொண்டு ஒரு நீள வண்டி வந்தது. பைக்கை நிறுத்தி இறங்கி, நடு மதிய வெயிலில் கைகூப்பி நின்றேன். டிரைவருக்கு நான் யாரென்று தெரியாது, வணக்கம் யாருடையது என்றும் தெரியாது. ஆனாலும் ஜன்னல் வழியாகக் கையை வெளியே நீட்டி, சிரித்தபடி பதில் வணக்கம் வைத்துவிட்டுப் போனார்.